வளர்த்தவள் எங்கே போனாள்?

1993-இல் மதுரையில், கூட்டாளி ஒருவனின் மாடி அறையில், வாடகை டெக்கில் 'பாரிஸ், டெக்ஸாஸ்' பார்த்தேன். டிவியும் டெக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு எடுத்தால் விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று வழக்கமாக மூன்று படம் ஓட்டுவோம். அன்றைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

கேசட் சிங்கப்பூரிலிருந்து வந்தது, காப்பிக்குக் காப்பி. திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு நெளிந்துகொண்டே இருந்தது. டிராக்கிங்கைத் திருகித் திருகிப் பார்த்தும் போகவில்லை. பாலைவனம், வானம், அதில் நடந்து வரும் ஆள், அவன் தலையில் இருந்த தொப்பி எல்லாமே டீக்கறை நிறம். அந்தத் தொப்பி செக்கச்செவேலென்று இருக்கும் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சப்டைட்டில் கிடையாது. எங்கள் ஆங்கிலமோ பாடப்புத்தக ஆங்கிலம். டெக்ஸாஸ்காரர்கள் உதட்டை அசைக்காமல் இழுத்து இழுத்துப் பேசியதில் நாலில் ஒரு பங்கு பிடிபட்டிருந்தால் அதிகம். நல்லவேளையாக, கதாநாயகன் டிராவிஸ் முதல் இருபது நிமிடத்துக்கு மேல் வாயே திறப்பதில்லை. ஆனால் கடைசியில் அதற்கெல்லாம் சேர்த்துப் பேசிவிடுகிறான். ஒரு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தொலைபேசியில், வெகுநேரம். அந்தப் பக்கம் அவன் மனைவியாக வரும் நஸ்டாஸியா கின்ஸ்கி அழுகிறார். நாங்களும் அழுதோம். அவன் என்ன சொன்னான் என்று எங்களில் ஒருவனுக்கும் முழுசாகத் தெரியாது. அந்தத் தழுதழுத்த குரலுக்கும், படம் நெடுக இழைந்த கிடாருக்கும் அழுதோம்.

விடிகாலையில் டெக்கை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போகும்போது, "காதல்னா இதுடா" என்றான் ஒருவன். மறுத்துப் பேச அங்கே ஆளில்லை.

போன வருடம் அதே படத்தை 4கே துல்லியத்தில், சப்டைட்டிலோடு, வீட்டுக் கூடத்தில் மனைவியுடன் பார்த்தேன். தொப்பி சிவப்பாக இருந்தது. மற்றதும் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டே வந்தது.

கதை இதுதான். நாலு வருடமாகக் காணாமல் போயிருந்த டிராவிஸ், மெக்ஸிகோ எல்லையோரப் பாலைவனத்திலிருந்து டெர்லிங்குவா என்ற ஊருக்குள் நடந்து வந்து மயங்கி விழுகிறான். அவனிடம் இருந்த ஒரு சீட்டில் தம்பி வால்ட்டின் நம்பர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் விளம்பரப் பலகைத் தொழில் செய்யும் வால்ட் வந்து அண்ணனைக் கூட்டிப்போகிறான். டிராவிஸின் மகன் ஹன்டரை இந்த நாலு வருடமும் வளர்த்தது வால்ட்டும் அவன் மனைவி ஆனும். பையனுக்கு எட்டு வயது ஆகப்போகிறது. மெல்ல மெல்லத் தகப்பனும் மகனும் ஒட்டுகிறார்கள். ஒருநாள் இருவரும் பழைய ஃபோர்டு வண்டியில் ஏறி, பையனின் தாய் ஜேனைத் தேடி ஹூஸ்டனுக்குப் போகிறார்கள். ஆண்கள் காசு கொடுத்து, ஒருபக்கக் கண்ணாடி வழியாகப் பெண்களைப் பார்த்துப் பேசும் ஒரு கிளப்பில் அவள் இருக்கிறாள். டிராவிஸ் தாயையும் மகனையும் சேர்த்து வைத்துவிட்டுத் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

டெர்லிங்குவா ஒரு காலத்தில் பாதரசம் தோண்டிய ஊர். 1903-இல் அங்கே தொழிலைத் தொடங்கிய சிஸோஸ் கம்பெனி 1942-இல் திவாலானது. சுரங்கத்தோடு ஊரும் போயிற்று. படத்தின் இயக்குநர் விம் வெண்டர்ஸ் கேமராவோடு போனபோது அது கூரையில்லாத கல்வீடுகளின் ஊர். உலகத்திலிருந்து ஒருவன் காணாமல் போக நினைத்தால் அதைவிடத் தோதான இடம் கிடைத்திருக்காது. இன்று அதே ஊர் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களின் தங்கல். 2021-இல் அந்தப் பூங்காவுக்கு வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். வானத்து நட்சத்திரங்களைப் பார்க்க வசதியாகக் கூடாரம் போட்டு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். இன்றைக்கு ஒரு டிராவிஸ் அந்தப் பக்கம் தள்ளாடி நடந்து வந்தால், மயங்கி விழுவதற்குள் யாராவது வீடியோ எடுத்திருப்பார்கள்.

நாலு வருடம் ஒருவன் தடயமே இல்லாமல் இருப்பது அன்று நம்பக்கூடிய விஷயம். கதையின் அச்சாணியே அதுதான். இந்தப் படத்தில் யாருக்கு யாரைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அது ஒரு கம்பி வழியாக, அல்லது ஒரு சீட்டு வழியாக, அல்லது ஒரு நாடா வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. டாக்டர் வால்ட்டைக் கூப்பிடுவது போனில். பையன் தாயைப் பார்ப்பது சுவரில் ஓடும் ஒரு சூப்பர் 8 படச்சுருளில். தகப்பன் மகனிடம் விடைபெறுவது ஒலிநாடாவில் பதிந்துவைத்த பேச்சில். நேருக்கு நேர் ஒருவர் ஒருவரிடம் முக்கியமானதைச் சொல்வது அபூர்வம். நியூயார்க் நகராட்சி தன்னுடைய கடைசிப் பொதுத் தொலைபேசியைக் கழற்றியது 2022 மே மாதம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நியூயார்க் நினைவுக்கு வரவில்லை. இந்தப் படத்தின் நெடுஞ்சாலையோரக் கண்ணாடிக் கூண்டுதான் வந்தது.

படம் எடுத்த கதையிலும் ஒரு போன் இருக்கிறது. வெண்டர்ஸ் ஜெர்மானியர், 1945-இல் டுஸ்ஸல்டோர்ஃபில் பிறந்தவர். அமெரிக்க இயக்குநர் கொப்போலாவின் கம்பெனிக்காக எடுத்த 'ஹாமெட்' அவரை வருடக்கணக்கில் இழுத்தடித்துவிட்டது. திருப்பித் திருப்பி எழுதச் சொன்னார்கள், திருப்பித் திருப்பி எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சூட்டோடுதான் தன் சொந்தக் கம்பெனியின் பேரில், ஜெர்மன் பணமும் பிரெஞ்சுப் பணமும் சேர்த்து, அமெரிக்கச் சாலையில் ஒரு படம் எடுக்கக் கிளம்பினார். கம்பெனியின் பெயரே 'ரோடு மூவிஸ்'. எழுதியவர் நாடகாசிரியர் சாம் ஷெப்பர்ட். படப்பிடிப்பு தொடங்கியபோது கதையில் பாதிதான் எழுதியிருந்தார்கள். நடிகர்கள் சாலையில் போகப் போக, கதையும் வரிசையாகப் போகட்டும், முடிவு தானாக வரும் என்று இருவருக்கும் ஒரு நம்பிக்கை. வரவில்லை. அதற்குள் ஷெப்பர்ட் வேறொரு படத்தில் நடிக்கப் போய்விட்டார். வெண்டர்ஸ் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். பையனாக நடித்த ஹன்டர் கார்சனின் தகப்பனார் எல்.எம். கிட் கார்சன் ஒரு எழுத்தாளர். மகனோடு வந்திருந்த அவர் நடுவில் கைகொடுத்தார். அந்தக் கண்ணாடி அறை வசனத்தை மட்டும் ஷெப்பர்ட்தான் எழுதினார். எங்கிருந்தோ ராத்திரியில் போனில் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் வெண்டர்ஸ் எழுதிக்கொண்டார். போனில் பேசப்படும் காட்சி போன் வழியாகவே வந்து சேர்ந்தது.

1984-இல் கான் திரைப்பட விழாவில் நடிகர் டர்க் போகார்ட் தலைமையிலான நடுவர் குழு இதற்குத் தங்கப்பனை கொடுத்தது. நாற்பது வருடம் கழித்து, 2024-இல், மீட்டெடுத்த பிரதியை அதே ஊரில் மறுபடி போட்டார்கள். 2025 பிப்ரவரியில் வெண்டர்ஸ் தானே இந்தியாவுக்கு வந்தார். மும்பை, திருவனந்தபுரம், கொல்கத்தா, டெல்லி, புனே என்று தன் படங்களோடு சுற்றினார். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. இதுவும் காலம் செய்த மாற்றந்தான். அன்றைக்குக் கேசட்டுக்காக மூன்று மாதம் காத்திருந்த ஆள் நான்.

நிறத்துக்கு வருகிறேன். ஒளிப்பதிவாளர் ராபி முல்லர் செய்த ஒரு காரியத்தைக் கேசட் முழுசாக விழுங்கிவிட்டிருந்தது. டியூப்லைட் வெளிச்சம் நம் கண்ணுக்கு வெள்ளை. பழைய படச்சுருளுக்கு அது பச்சை. மற்ற ஒளிப்பதிவாளர்கள் வடிகட்டித் தாள் போட்டு அந்தப் பச்சையை எடுத்துவிடுவார்கள். முல்லர் எடுக்கவில்லை. பெட்ரோல் பங்கு, சாலையோர விடுதி, கார் நிறுத்தும் கட்டடம், எங்கே டியூப்லைட் எரிந்தாலும் எரியட்டும் என்று விட்டார். அதனால் ராத்திரிகளெல்லாம் பாசி பிடித்த குளம்போல இருக்கின்றன. கடைசிக் காட்சியில் டிராவிஸ் கீழே நிற்கிறான்; சுற்றிலும் அந்தப் பச்சை, மேலே அடிவானத்தில் மிச்சமிருக்கும் சிவப்பு. இன்றைக்குத் தெருவிளக்கெல்லாம் எல்இடி. அந்தப் பச்சை உலகத்திலேயே இல்லை. வேண்டுமென்றால் கணினியில் நிறம் திருத்தும் டி.ஐ.யில் உட்கார்ந்து நாலு தட்டில் கொண்டுவந்துவிடலாம். நம்மூர்ப் படங்களிலேயே பேய் வீட்டுக்கும் கொலைக்காட்சிக்கும் அப்படித் தடவுகிறார்கள். ஆனால் தெருவில் தானாகக் கிடந்த பச்சைக்கும் அப்பிய பச்சைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

டிராவிஸாக நடித்த ஹாரி டீன் ஸ்டாண்டனுக்கு அப்போது 57 வயது. அதுவரை எத்தனையோ படங்களில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்றவர், முதல் பாதியில் சுடப்பட்டுச் செத்தவர். ஒரு மதுக்கடையில் ஷெப்பர்டிடம், இந்த மாதிரி வேடங்கள் அலுத்துவிட்டன என்று புலம்பப்போய்க் கிடைத்த வேடம் இது. அவர் நடித்த 'லக்கி' 2017-இல் வெளியானது. அதிலும் பாலைவன ஊர், அதிலும் தனியாக நடக்கும் ஒரு ஆள், வயது மட்டும் தொண்ணூறு. படம் திரைக்கு வரும் முன் அந்தச் செப்டம்பரில் காலமானார். அதே வருடம் ஷெப்பர்ட். அடுத்த வருடம் முல்லர்.

இந்தப் படத்தில் எனக்கு ஆகப் பிடித்த காட்சி அன்றும் இன்றும் ஒன்றுதான். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போகிறான் டிராவிஸ். முதல் நாள் பையன் வெட்கப்பட்டு வேறு வண்டியில் ஏறிப் போய்விடுகிறான். மறுபடி போகும் முன், தகப்பன் என்றால் எப்படி இருப்பான் என்று பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கிறான். வீட்டு வேலைக்கார அம்மாவிடம் யோசனை கேட்கிறான். பணக்காரத் தகப்பனா, ஏழைத் தகப்பனா என்று கேட்கிறாள் அவள். நடுவில் எதுவும் கிடையாதாம். பணக்காரத் தகப்பன் தரையைப் பார்த்து நடக்க மாட்டான், வானத்தைப் பார்த்து நடப்பான் என்று நடந்தும் காட்டுகிறாள். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் போய் நிற்கிறான். பையன் சாலைக்கு அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒருவர் நடையை ஒருவர் காப்பியடித்தபடி வீடு வரைக்கும் நடக்கிறார்கள்.

1993-இல் இதைப் பார்த்து ஏன் அப்படி உருகினேன் என்று இப்போது தெரிகிறது. எங்கள் வீட்டில் அப்பா முன்னால் போவார், நான் பத்தடி பின்னால். பக்கத்தில் போனால் ஏதாவது பேச வேண்டும். பேச இருவரிடமும் ஒன்றும் இல்லை. ஆனால் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து அவர் கை வீசுவதுபோல் என் கையும் வீசக் கற்றுக்கொண்டது. இன்றைக்குத் தகப்பன்கள் பிள்ளையின் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடக்கிறார்கள், பேசிக்கொண்டே போகிறார்கள். நல்லதுதான். பொறாமையாகவும் இருக்கிறது.

டிராவிஸிடம் கசங்கிய புகைப்படம் ஒன்று உண்டு. வெறும் புழுதி மனை. பிரான்ஸில் இருக்கும் பாரிஸ் அல்ல, டெக்ஸாஸின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பாரிஸில் தபால் வழியாக அவன் வாங்கிப்போட்ட இடம். தாயும் தகப்பனும் முதன்முதலாகச் சேர்ந்தது அந்த ஊரில்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே தான் தொடங்கியது அங்கே என்பது அவன் கணக்கு. ஊரே தெரியாமல் மனை வாங்குவதில் நம்மவர்களுக்குச் சளைத்தவன் இல்லை. அவன் தகப்பனுக்கும் ஒரு வேடிக்கை உண்டு: மனைவியை அறிமுகப்படுத்தும்போது, இவள் பாரிஸ்காரி என்று சொல்லி நிறுத்துவான், எல்லாரும் வாயைப் பிளந்த பிறகு டெக்ஸாஸ் என்பான். சொல்லிச் சொல்லி ஒருகட்டத்தில் அதை அவனே நம்பத் தொடங்கிவிட்டான். பக்கத்தில் இருந்த எளிய பெண்ணை விட்டுவிட்டு, மண்டையில் இருந்த பாரிஸ் சீமாட்டியைப் பார்க்க ஆரம்பித்தான். இதை டிராவிஸ் தன் மகனிடம் சொல்கிறான். தன்னைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்கிறான் என்பது அன்று எனக்குப் பிடிபடவில்லை.

படம் அந்த ஊருக்குப் போவதே இல்லை. தலைப்பில் மட்டும்தான் ஊர். நாங்கள் மாடியறையில் படம் பார்த்த அதே 1993-இல், நிஜமான பாரிஸ், டெக்ஸாஸில் 65 அடி உயரத்தில் ஒரு ஈஃபில் கோபுரம் எழுப்பினார்கள். 1998-இல் அதன் உச்சியில் ஒரு கவ்பாய் தொப்பியை மாட்டினார்கள். சிவப்புத் தொப்பி. டிராவிஸுக்காக அல்ல, சும்மா ஊர்ப் பெருமைக்கு.

இனி, ஜேனைத் தேடிப் போனவர்களுக்குத் துப்பாக இருந்த ஐந்தாம் தேதி. ஆனைப் பற்றிப் பேசாமல் அதைச் சொல்ல முடியாது.

ஜேன் எங்கே இருக்கிறாள் என்று டிராவிஸுக்குத் தெரியாது. சொல்வது ஆன். ஒரு ராத்திரி அவனிடம் தனியாக வந்து சொல்கிறாள்: ஜேன் முன்பெல்லாம் போன் செய்து பையனைப் பற்றி விசாரிப்பாள், பிறகு அது நின்றுபோயிற்று, ஆனால் ஹன்டருக்காக மாதாமாதம் ஹூஸ்டனில் ஒரு வங்கியில் பணம் போடுகிறாள், ஐந்தாம் தேதி. அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டுதான் தகப்பனும் மகனும் வாக்கிடாக்கியோடு வங்கி வாசலில் தவம் கிடக்கிறார்கள். காரில் இருந்தபடியே பணம் கட்டும் வரிசைகள் அவை. பையன் காத்திருந்து காத்திருந்து கண்ணயர்ந்துவிடுகிறான். விழித்துப் பார்த்தால் ஒரு சிவப்புக் கார், அதில் தாய். துரத்திப் போனால் நெடுஞ்சாலையில் ஒரேமாதிரி இரண்டு சிவப்புக் கார்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிகின்றன. எதன் பின்னால் போவது? இன்றைக்கு அந்தப் பணம் ஜேனின் கைபேசியிலிருந்து போயிருக்கும். ஐந்தாம் தேதியும் இல்லை, வங்கியும் இல்லை, காரும் இல்லை, கதையும் இல்லை.

மாடியறையில் நான் இந்தத் துரத்தலைத்தான் பார்த்தேன். வழியைக் காட்டியவளைப் பார்க்கவில்லை. அதைச் சொன்னால் பையன் கையைவிட்டுப் போய்விடலாம் என்று ஆனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் முகத்தில் அந்தப் பயம் அப்பட்டமாக இருக்கிறது. கணவனிடம் அதைச் சொல்லியும் கலங்குகிறாள். தெரிந்தும் சொல்கிறாள். நாலு வருடமாகத் தன்னை அம்மா என்று கூப்பிட்ட பையனைப் பறிகொடுக்க அவளே விலாசம் கொடுக்கிறாள்.

கண்ணாடி அறைக்கு டிராவிஸ் இரண்டு தடவை போகிறான். முதல் தடவை ஜேன் ரோஸ் நிற ரோமச் சட்டையில் இருக்கிறாள். கசப்பாக ஏதோ கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். இரண்டாம் தடவை, அவளைப் பார்க்காமல் பேசவேண்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, யாரோ இருவரின் கதைபோலத் தொடங்குகிறான். சப்டைட்டிலில் அது வரிவரியாக வந்தது. வயதானவன் ஒருவன், சின்னப் பெண் ஒருத்தி. அவளைப் பிரிய முடியாமல் வேலையை விடுகிறான். குடிக்கிறான். சந்தேகம். பிள்ளை பிறக்கிறது. அவள் ஓடிப்போகக் கனவு காண்கிறாள். ராத்திரி எழுந்து போனால் சத்தம் கேட்கட்டும் என்று அவள் கணுக்காலில் மாட்டுமணியைக் கட்டுகிறான். அவள் மணிக்குள் காலுறையைத் திணித்து நாக்கை அடக்கிவிட்டு ஓடுகிறாள். பிடித்து இழுத்துவந்து இடுப்புவாரால் அடுப்போடு கட்டிப்போடுகிறான். ஒருநாள் விழித்துப் பார்த்தால் நெருப்பு. அவளும் பிள்ளையும் இல்லை.

இதற்குத்தான் "காதல்னா இதுடா" என்றோம்.

மாட்டுமணி என்ற வார்த்தை அன்றைக்குக் காதில் விழுந்திருந்தால் வேறு மாதிரி அழுதிருப்போமா என்று யோசித்தேன். சத்தியமாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் கொண்டாடிய தமிழ்ப் படங்களில் சந்தேகப்படுகிறவனும் கை நீட்டுகிறவனும் கடைசி ரீலில் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் புனிதனாகிவிடுவான். அதே தராசில் இவனையும் நிறுத்தியிருப்போம் என்றுதான் படுகிறது. இன்றைய பிள்ளைகள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, இது காதல் கதையே இல்லை, கொடுமைக்காரன் ஒருவனின் வாக்குமூலம் என்கிறார்கள். பாதி சரி. மீதியை வெண்டர்ஸ் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார். கதை கேட்கக் கேட்க ஜேனுக்குப் புரிந்துவிடுகிறது. கண்ணாடியருகே வருகிறாள். அவள் அறை விளக்கை அணைக்கிறாள், இவன் தன் முகத்தின்மேல் விளக்கைத் திருப்புகிறான். அப்போதுதான் அவளுக்கு அவன் தெரிகிறான். அந்த நொடியில் அவன் முகம் கண்ணாடியில் அவள் தலைமேல் போய் உட்காருகிறது, தொப்பி மாட்டியதுபோல. அவளுக்கென்று ஒரு முகம் இல்லாமல் போகிறது. அவன் அவளை என்ன செய்தான் என்பதை அந்த ஒரு பிம்பம் சொல்லிவிடுகிறது. தான் திரும்பிப்போய்க் குடும்பம் நடத்தத் தகுதியில்லாதவன் என்று அவனுக்கே தெரிந்திருப்பதால்தான் முடிவில் காரை எடுக்கிறான். 1993-இல் அதைத் தியாகம் என்று நினைத்தேன். இப்போது அது அவன் கட்டவேண்டிய குறைந்தபட்ச அபராதமாகத் தெரிகிறது.

ஹூஸ்டன் மெரிடியன் ஹோட்டல், அறை எண் 1520. ஜேன் உள்ளே வருகிறாள். பையன் நிற்கிறான். மெல்ல வந்து அவளைக் கட்டிக்கொள்கிறான். அவள் அவனைத் தூக்கிச் சுற்றுகிறாள். கீழே பச்சை வெளிச்சம், சிவப்பு வானம், காரில் அவன். படத்துக்கு இசையமைத்த ரை கூடரின் கிடார். அந்த மெட்டின் மூலம் 1927-இல் பிளைண்ட் வில்லி ஜான்சன் பதிவுசெய்தது. அந்தப் பதிவு 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத்தட்டில் ஏறி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. படத்தில் ஹன்டர்கூட இப்படி ஒன்று சொல்வான். ஒளிவேகத்தில் ஒருவன் போய்த் திரும்பினால் அவனுக்கு ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும், விட்டுவிட்டுப் போன குழந்தையோ கிழவனாகியிருக்கும் என்று. எட்டு வயதுப் பையன், நாலு வருடம் காணாமல் போன தகப்பனிடம் சொல்கிற கணக்கு.

எனக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மனைவிக்குக் கலங்கவில்லை. பெயர்கள் ஓடி முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"வளத்தவ எங்கங்க போனா?"

நான் ரிமோட்டை எடுத்துப் பின்னோக்கி ஓட்டினேன். போகும் வழியில் ஹன்டர் ஒரு பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்கிறான். நாங்கள் அம்மாவைத் தேடிப் போகிறோம் என்கிறான். எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று அந்தப் பக்கம் பதைக்கிறார்கள். பையன் போனை வைத்துவிடுகிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு படத்தில் ஆன் இல்லை. வெண்டர்ஸ் அவளுக்கு ஒரு நிழல்கூடக் கொடுக்கவில்லை. ஹோட்டலில் நடந்தது அவளுக்குத் தெரியுமா, பையன் உயிரோடு இருப்பதாவது தெரியுமா, ஒன்றும் கிடையாது. ஆனாக நடித்த ஒரோர் கிளெமோன், பிரெஞ்சுச் சாயல் ஒட்டிய ஆங்கிலத்தில், அந்த வீட்டில் தானும் ஒரு வெளியூர்க்காரி என்பதுபோலவே பேசிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரியாகவே போய்விட்டார்.

யசோதையைப் பற்றி ஆயிரம் பாட்டுப் பாடியிருக்கிறோம். ஆனால் கண்ணன் வடமதுரைக்குப் போன மறுநாள் காலையில் அவள் தயிர் கடைந்தாளா என்று யாரும் நின்று விசாரிப்பதில்லை. நம் சினிமாவில் பெற்றவள் வாசலில் வந்து நின்றால் வளர்த்தவள் பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்படைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து விசும்ப ஒரு ஷாட்டாவது உண்டு. தங்கப்பனை வாங்கிய படத்தில் அதுவும் இல்லை.

மனைவியின் அத்தை ஒருத்தி, தங்கை பிள்ளையை ஆறு வயதுவரை வளர்த்துத் திருப்பிக் கொடுத்தவள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டோம். மனைவி அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, படத்தை மறுபடி கடைசிக்குக் கொண்டுபோய், அறை எண் 1520-இல் நிறுத்தினாள். ஜன்னல், சோபா, வெளியே ஹூஸ்டனின் விளக்குகள். எதையோ தேடுவதுபோல மூலை மூலையாகப் பார்த்தாள்.

"பெரிய ஓட்டல்தானே, ரூமுக்கு ரூம் போன் வச்சிருப்பான். அந்தக் காலத்துப் பிள்ளைக்கு வீட்டு நம்பர் மனப்பாடமாத் தெரியும். நடுவழியில பூத்துலேர்ந்து போட்டான்ல? விடிஞ்சதும் ஒரு போன் போட்டிருப்பான்" என்றாள்.